மூப்பும் நம்பிக்கையும்: பழந்தமிழ் இலக்கியங் காட்டும் முதியோர்

மனித வாழ்க்கையின் பருவங்களுள் நம்பிக்கைக்கு உரியதென எல்லோரும் உடன்படுவது இளமை. வருங்காலம் நீண்டு கிடத்தலின் இளையோர் நம்புதல் இயல்பு. அதற்குக் காரணங் காட்ட வேண்டுவதில்லை. வருங்காலம் சுருங்கி, உடல் தளர்ந்து, உடன் வாழ்ந்தோர் ஒருவர்பின் ஒருவராய் மறைய, எஞ்சி நிற்கும் முதியோர் எதனை நம்புகின்றனர், யாங்ஙனம் நம்புகின்றனர் என்பதே ஆராய்தற்குரிய வினா. நோய்க்கு மருந்தளித்து ஆயுளை நீட்டும் கலை இக்காலத்திற் பெரிதும் வளர்ந்துள்ளது. நீண்ட ஆயுளைத் தாங்கிநிற்கும் உள்ளத்திற்கு வேண்டிய ஊன்றுகோல் யாது என்பது அக்கலையால் மட்டும் விடைகாணக் கூடியதன்று. இலக்கியத்தை நாடவேண்டிய இடம் இதுவாகும்.

தமிழிலக்கியம் முதுமையை நிலையாமைக்குச் சான்றாக மட்டுமே எடுத்தாண்டது, முதியோரின் உள்ளத்தினுள்ளே புகுந்து பார்க்கவில்லை என்று கூறுவாருமுளர். அவர் கூற்றுக்கு ஓரளவு ஆதாரமுண்டு. சமண முனிவர் பாடியதாகக் கூறப்படும் நாலடியாரின் 400 வெண்பாக்களுள், இரண்டாம் அதிகாரமாகிய இளமை நிலையாமை, பல் கழன்று, சொல் தளர்ந்து, தண்டூன்றி நடக்கும் முதியோரை நிரல்பட நிறுத்திக் காட்டுகின்றது. ஆயின் அங்கே அவர்கள் பிறருக்குப் பாடமாக நிற்கின்றனரேயன்றித் தமக்கென ஓருள்ளம் உடையாராக நிற்கவில்லை. இளையோரை அறத்தின்பாற் செலுத்துவதே அந்நூலின் நோக்கமாதலின் இது குற்றமாகாது. எனினும் நாலடியாரின் ஒரு பகுதியைக் கொண்டு தமிழிலக்கியம் முழுவதையும் அளத்தல் பொருந்தாது. சங்கச் செய்யுளிலும், கம்பராமாயணத்திலும், சேக்கிழார் பெருமானின் திருத்தொண்டர் புராணத்திலும் முதியோர் பாடப்பொருளாக அன்றிப் பாத்திரங்களாகவே வருகின்றனர். அவர்கள் நம்புகின்றனர், ஏமாறுகின்றனர், மீண்டும் நம்புகின்றனர்.

அவர்களை அணுகுமுன் நம்பிக்கை என்னுஞ் சொல்லை ஒருமுறை நோக்குதல் நன்று. நம்பு என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் கூறும் பொருள் நசை என்பதாகும்; அஃதாவது விருப்பம். பிற்காலத்திலே அச்சொல் ஒன்றன்மேலோ ஒருவர்மேலோ உள்ளத்தைச் சார்த்தி ஐயமின்றி நிற்றலைக் குறிக்கலாயிற்று. ஆகவே, இன்னது கிடைக்க வேண்டுமென்னும் விருப்பமும், இன்னார் கைவிடார் என்னும் தேற்றமும் ஆகிய இரண்டும் இன்று ஒரே சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றன. இளமையில் இவ்விரண்டும் பிரிவின்றி நடத்தலின் வேறுபாடு தோன்றுவதில்லை. முதுமையிலோ முன்னது ஒவ்வொன்றாக உதிர்கின்றது. பின்னது நிற்குமா என்பதே கேள்வியாகின்றது. பழைய புலவர் காட்டும் முதியோரை இவ்விரண்டன் வேறுபாட்டைத் துணையாகக் கொண்டு ஆராய்ந்தால் பல செய்திகள் தெளிவாகும்.

முதற்கண் நம்பிக்கையின் சாயலே இல்லாத ஒரு குரலைக் கேட்டல் வேண்டும். புறநானூற்றின் 243 ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. அப்பாட்டிலே தாம் ஊன்றிய பூண்கட்டிய கோலைக் குறித்த தொடராலே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவர் வழங்கப்படுகின்றார். மகளிர் மணலாற் செய்த பாவைக்குப் பூச்சூட்டி விளையாடியதும், கரையில் நின்றோர் வியப்ப மரக்கிளையினின்று ஆழ்ந்த மடுவிற் குதித்து, அடிமணலைக் கையில் அள்ளிக் காட்டியதும் அவர் நினைவில் எழுகின்றன. அந்த இளமை எங்கே போயிற்று என்று அவர் இரங்குகின்றார். இப்பொழுதோ இருமலுக்கு இடையிடையே சில சொற்களே வெளிவருகின்றன. பாட்டு அவ்வளவில் முடிகின்றது. மறுமையும் இல்லை, மக்களும் இல்லை, ஆறுதல் கூறுவாரும் இல்லை.

இப்பாட்டை எவ்வாறேனும் நம்பிக்கைப் பாட்டாக்கிவிட முயலும் உரைகள் அதற்கு நன்மை செய்வனவல்ல. முதியோர் யாவரும் அமைதியோடு வாழ்கின்றனர் என்பது மெய்யன்று. பலர் இழந்ததை எண்ணியே நாள் கழிக்கின்றனர். அவ்வுண்மையை மறையாது கூறிய இப்பாட்டு எட்டுத்தொகையுள் இடம்பெற்றிருத்தல் தமிழ்ப் புலனெறியின் நேர்மைக்குச் சான்று. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அம்முதியவர் இழந்ததாகக் கூறுவன செல்வமும் அதிகாரமும் அல்ல. உடன் விளையாடிய தோழமையையும், துணிந்து குதித்த உடலின் வலிமையையுமே. வலிமை மீளாது. தோழமையும் அவ்வாறு மீளாததொன்றா என்பதே பின்வரும் பாத்திரங்களை நோக்குங்கால் எழும் வினா.

விருப்பத்தை மட்டும் பற்றி நின்ற முதுமைக்குக் கம்பனின் தயரதனே தலைசிறந்த உதாரணம். 60,000 ஆண்டு அரசாண்ட அம்மன்னன் மூப்பை உணர்கின்றான். அரசை மகனிடம் ஒப்புவித்துத் தவம்புரியக் கருதுகின்றான். இது முதுமைக்கு ஏற்ற முறையான எண்ணமேயாகும். ஆனால் அவ்வெண்ணம் விரைவில் ஒரே நாளின்மேல், ஒரே நிகழ்ச்சியின்மேல் வந்து குவிகின்றது. நாளை முடிசூட்டு விழா என்பதே அவனுடைய நம்பிக்கை முழுவதும். அந்த நாளைக் கைகேயி பறித்தவுடன் அவனிடம் எஞ்சியது ஒன்றுமில்லை. சுமந்திரன் ஓட்டிச்சென்ற தேர் இராமனைத் திரும்பக் கொண்டுவரும் என்ற ஒரு நூலிழையிலே உயிர் தொங்குகின்றது. தேர் வந்தது என்ற சொல் கேட்டுக் கண் திறக்கின்றான். வசிட்டனின் முகம் விடை கூறாது கூறிவிடுகின்றது. மகன் அணியனோ சேயனோ என்று சுமந்திரனை வினாவுகின்றான். மூவரும் மூங்கிற் காட்டினுட் புகுந்தனர் என்னும் விடையோடு உயிரும் நீங்குகின்றது. நம்பிக்கை நீங்கியதும் உயிர் நீங்கியதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தனவாகக் கம்பன் அமைத்திருப்பது ஆழ்ந்த மனநூற் கருத்தாகும்.

ஆங்கிலம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நினைவு வருதல் இயல்பு. 80 வயதைக் கடந்த அவனும் ஆட்சிச் சுமையை இறக்கிவைக்க விரும்பியவனே. இளைய மகளின் பராமரிப்பிலே எஞ்சிய நாளைக் கழிக்க எண்ணியவனே. நாடகத்தின் இறுதியிலே இறந்த மகளைக் கையிலேந்தி வருகின்றான். அவள் மூச்சு ஆடியை மறைக்கின்றதா என்று பார்க்கின்றான். ஓர் இறகு அசைவதாக எண்ணி மகிழ்கின்றான். தயரதன் தேரின் வருகையை நம்பியதுபோல லியர் இறகின் அசைவை நம்புகின்றான். இருவரும் அன்பில்லாதவர் அல்லர், அன்பு மிக்கவரே. அவர்கள் வீழ்ச்சிக்குக் காரணம் அன்பின் குறைவன்று; அன்பு முழுவதையும் தாம் விரும்பிய ஒரு முடிவோடு பிணைத்துவிட்டமையே. முடிவு மாறியபோது அன்பை வைத்துக்கொள்ள அவர்களுக்கு வேறிடமில்லாது போயிற்று.

இனி இதற்கு மறுதலையான காட்சியைப் புறநானூறு தருகின்றது. உறையூரிலிருந்த கோப்பெருஞ்சோழனுக்கும் அவன் மக்களுக்கும் பகை மூண்டது. தந்தை மக்கள்மேற் போருக்கு எழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் இடைபுகுந்து அறிவுரை கூறினார். தான் வென்றாலும் தன் நாட்டை அம்மக்களுக்கே விடவேண்டியிருத்தலையும், தோற்றால் பழி எய்துதலையும் அவர் எடுத்துக்காட்டினார். சோழன் போரை விட்டு வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். மக்களால் வரக்கூடிய ஆறுதல் முற்றும் அற்றுப்போன ஒரு தந்தையின் நிலை அது. லியரின் நிலைக்கு அது பெரிதும் ஒப்பானது. ஆயினும் அவன் பாடியனவாக வழங்கும் 214, 215, 216 ஆகிய மூன்று பாட்டுக்களிலும் கசப்பின் சுவை சிறிதுமில்லை.

214 ஆம் பாட்டு தமிழிலக்கியத்தில் முதியோர் நம்பிக்கையை ஆராய்வார்க்குத் தலையாய சான்றாகும். நல்வினை செய்வோமா வேண்டாமா என்று ஐயுற்று நிற்போரை நோக்கிச் சோழன் பேசுகின்றான். யானை வேட்டைக்குப் போனவன் யானையைப் பெறுதலுங் கூடும். குறும்பூழ் வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்புதலுங் கூடும் என்கின்றான். ஆதலின் உயர்ந்ததையே குறிக்கொள்ளல் வேண்டும் என்பது கருத்து. பின்னர் அவன் வாதம் மூன்று படிகளாக இறங்குகின்றது. நல்வினைக்குப் பயன் உண்டாயின் மேலுலக நுகர்ச்சி கிடைக்கும். அந்நுகர்ச்சி இல்லையாயின் பிறவாமையேனும் கிடைக்கும். பிறவாமையும் இல்லையாயின், இமயச் சிகரம்போல இசையை நிறுவி, பழியில்லாத உடம்போடு இறத்தலே மிகவும் நன்று.

இவ்வாதத்தின் சிறப்பு எங்கேயுள்ளது என்பதை உணர்தல் வேண்டும். மறுமை உறுதி என்று அவன் அடித்துக் கூறவில்லை. உறுதியில்லை என்பதையே ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு பிடியாக விட்டுவிட்டுக் கீழிறங்கி, எல்லாம் இல்லையாயினும் எஞ்சி நிற்பதொன்று உண்டு என்று காட்டுகின்றான். தயரதனுக்கு ஒரே படிதான் இருந்தது. அது முறிந்ததும் வீழ்ந்தான். சோழனுக்கோ ஒரு படி முறிந்தால் நிற்க மற்றொரு படியுண்டு; இறுதிப்படி தன் ஒழுக்கத்தின்மேலேயே கட்டப்பட்டது. பிறர் பறிக்கக்கூடிய பொருள் எதனையும் அது சார்ந்திருக்கவில்லை. ஐயத்தை மறைத்து வைத்துக்கொண்டு நம்புவது ஒன்று. ஐயத்தை எண்ணிக் கணக்கிட்ட பின்னும் நம்புவது மற்றொன்று. பின்னதே உரமுடையது.

ஆயினும் சோழனுக்கும் ஒரு விருப்பம் எஞ்சியிருந்தது. பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரிலே வாழ்ந்த ஆந்தையார் என்னும் புலவரை அவன் நேரிற் கண்டதேயில்லை. கேள்வியாலேயே நட்புக் கொண்டவன். அவர் வருவார், அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்று உடனிருந்தோர்க்குக் கூறினான். காணாத நண்பர் இவ்வளவு தொலைவு வருவாரோ என்று சான்றோர் ஐயுற்றனர். செல்வமுள்ள காலத்தில் வாராதிருப்பினும் அல்லலுற்ற காலத்தில் வாராதிரார் என்பதே சோழனின் விடை. பிசிராந்தையார் வந்தார், அவனோடு வடக்கிருந்தார். பொத்தியார் 217 ஆம் பாட்டில் அவ்வரவை எண்ணி எண்ணி வியக்கின்றார். இங்கே நம்பிக்கையின் பொருள் மாறிவிட்டமை காண்க. இன்னது நடக்கவேண்டும் என்னும் நசை அன்று இது. இன்னார் கைவிடார் என்னும் தேற்றம். தொடித்தலை விழுத்தண்டினார் மீளாதென எண்ணிய தோழமை, இங்கே வாழ்வின் கடைசி எல்லையிலே புதிதாகக் கிடைக்கின்றது.

அப்பிசிராந்தையாரே 191 ஆம் பாட்டில், ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவியோர்க்கு விடை கூறியவர். மனைவியும் மக்களும் நற்குணம் நிரம்பியவர். ஏவலர் தம் கருத்தையே தமதாகக் கொண்டவர். வேந்தன் முறைசெய்து காப்பவன். எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரிலே அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்பன அவர் காட்டிய காரணங்கள். இவற்றுள் ஒன்றேனும் அவருடைய உடலைப் பற்றியதன்று என்பது சிந்திக்கத்தக்கது. மூப்பின் கவலைக்கு மருந்து தனிமனிதனின் மனவுறுதியில் மட்டும் இருப்பதாக அவர் கருதவில்லை. இல்லத்திலும் ஊரிலும் அரசிலும் இருப்பதாகக் கருதினார். முதியோர் நம்பிக்கை இழந்து வாடும்போது அவர்தம் உளத்தளர்ச்சியைக் குறைகூறுவார், அவரைச் சூழ்ந்துள்ள இல்லமும் ஊரும் எத்தகையன என்பதையும் ஒருமுறை வினவுதல் வேண்டும்.

கம்பனின் சவரி மூன்றாவதொரு வகையைக் காட்டுகின்றாள். ஆரணிய காண்டத்திலே சில செய்யுட்களில் வந்து மறையும் சிறு பாத்திரம் அவள். மதங்க முனிவரின் ஆச்சிரமத்தில் தவமிருந்து முதிர்ந்தவள். அவளது தவத்துக்கு எல்லை வந்துவிட்டது என்று தேவர்களே வந்து கூறிய பின்னும், இராமனுக்குப் பூசனை செய்தபின் வரும்படி அவர் பணித்தமையால், அவன் வருகையை எதிர்நோக்கி இருக்கின்றாள். அவன் வந்தபோது விருந்தளிக்கின்றாள். அத்தோடு அவள் வேலை முடியவில்லை. சுக்கிரீவன் வாழும் மலைக்குச் செல்லும் வழியையும் எடுத்துரைக்கின்றாள். அதன் பின்னரே யோகத்தால் உடலை விடுக்கின்றாள். காப்பியத்தின் பின்பகுதி முழுவதும் அவள் காட்டிய வழியிலேயே நடக்கின்றது. வீடுபேற்றின் வாயிலில் நிற்கும் ஒரு மூதாட்டியிடம் இளையோர்க்குக் கொடுக்க வேண்டிய ஒரு செய்தி இருந்தது. அதைக் கொடுக்கும் வரையும் அவள் இருந்தாள். முதியோரிடம் இனிப் பெறுதற்கு ஒன்றுமில்லை என்று உலகம் எண்ணும்பொழுது அவர்தம் நம்பிக்கை பாதி மாய்ந்துவிடுகின்றது என்பதைக் கம்பன் இச்சிறு படலத்தால் மறைமுகமாக உணர்த்தினான் எனலாம்.

மேற்கூறிய யாவும் ஒருங்கே திரண்டு வரும் இடம் பெரியபுராணத்துத் திருநாவுக்கரசு நாயனார் வரலாறாகும். 429 செய்யுட்களாலான அப்பகுதியைச் சூலைநோயும், நீற்றறையும், கல்லிற் பிணித்துக் கடலில் இட்டமையும் பற்றியதாகவே பலர் நினைவு கொள்வர். ஈழநாட்டிலே 1852 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அப்புராணத்தை வசனநடையில் வெளியிட்டமையால் அவ்வரலாறு சிறுவர்க்கும் பாடமாயிற்று. ஆயின் நாயனாரின் முதுமைக்காலத்தைச் சேக்கிழார் பாடியுள்ள முறை போதிய அளவு ஆராயப்படவில்லை. அவர் 81 ஆண்டு வாழ்ந்தார் என்பது மரபு. அம்முதுமையில் அவர் மேற்கொண்ட கயிலை யாத்திரையே இங்கு நோக்கத்தக்கது.

காளத்தியை வணங்கிய நாயனாருக்கு வடகயிலையைக் காணவேண்டுமென்னும் வேட்கை எழுகின்றது. திருப்பருப்பதம் கடந்து, தெலுங்கநாடு கடந்து, மாளவம் முதலியவற்றையுங் கடந்து காசியை அடைகின்றார். அதற்கப்பால் தனியே செல்கின்றார். இலையும் கிழங்கும் உண்டலையும் விடுத்து இரவும் பகலும் நடக்கின்றார். பாதங்கள் பரடளவுந் தேய்கின்றன. கைகளை ஊன்றிச் செல்கின்றார். கைகளும் தேய்கின்றன, மார்பினால் ஊர்ந்து செல்கின்றார். மார்பின் தசையும் சிதைய, எலும்பும் முறிய, புரண்டு புரண்டு செல்கின்றார். அதுவும் இயலாதுபோக வழியிலே கிடக்கின்றார். முதுமையினால் உறுப்புக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழத்தலை இதைவிடக் கொடிதாகப் பாடிய இடம் தமிழில் அரிது. ஒவ்வோர் உறுப்பும் ஓயும்போது அடுத்த உறுப்பு அப்பணியை ஏற்கின்றது. எல்லாம் ஓய்ந்தபின் வேட்கை மட்டும் எஞ்சுகின்றது.

அந்நிலையில் முனிவர் வடிவில் வந்த இறைவன், கயிலை மானுடர் சென்றடையக் கூடியதன்று, மீள்வதே கடன் என்கின்றான். இது தயரதனுக்குச் சுமந்திரன் சொன்ன விடையைப் போன்றதே. விருப்பம் நிறைவேறாது என்னும் செய்தி. கயிலையைக் காணாது இவ்வழியும் உடம்போடு மீளேன் என்பது நாயனாரின் மறுமொழி. இறைவன் மறைந்து விண்ணில் அழைக்கின்றான். உடல் ஊறு நீங்குகின்றது. எனினும் கேட்டது கேட்டபடி கொடுக்கப்படவில்லை. பொய்கையில் மூழ்கி அக்கோலத்தைத் திருவையாற்றிலே காண்பாயாக என்பதே அருளிப்பாடு. வடக்கே மூழ்கியவர் காவிரிக்கரையில் எழுகின்றார். அங்கே தத்தம் துணையோடு வரும் உயிர்கள் யாவும் சத்தியும் சிவமுமாகத் தோன்ற, கோயிலே கயிலையாகக் காட்சியளிக்கின்றது. அக்காட்சியும் நிலைத்து நிற்கவில்லை. அது மறைய நாயனார் அயர்ந்து பின் தேறுகின்றார்.

சேக்கிழாரின் பெருமை இவ்விடத்திலேயே விளங்குகின்றது. நாயனாரின் நம்பிக்கை நிறைவேறிற்றா, மறுக்கப்பட்டதா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடைகூற இயலாது. மலை மறுக்கப்பட்டது, காட்சி அளிக்கப்பட்டது. இறைவனைக் காணல் வேண்டும் என்பது நம்பிக்கையின் உயிர். இன்ன இடத்திற் காணல் வேண்டும் என்பது அதன் உடல். உடல் வீழ்ந்தபோதும் உயிர் வீழவில்லை. தயரதன் செய்யமுடியாது போனதும் இதுவே: மகன்மேல் வைத்த அன்பை முடிசூட்டு விழாவினின்று பிரித்தெடுத்தல்.

ஆங்கிலக் கவிஞர் டெனிசன் எழுதி 1842 இல் வெளிவந்த யுலிசஸ் என்னும் பாட்டோடு இதனை ஒப்பிடல் பயன்தரும். முதுமையுற்ற யுலிசஸ் சிறு தீவின் ஆட்சியில் சலிப்புற்று, அதனை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய தோழரோடு மேற்றிசைக் கடலிற் புறப்பட முனைகின்றான். ஓய்ந்திருத்தலை மறுக்கும் அவ்வுறுதி போற்றத்தக்கதே. ஆயின் அவனுக்கு வீடும் ஊரும் சிறையாகத் தோன்றுகின்றன. நம்பிக்கை தொலைவிலேயே உள்ளது. அப்பாட்டும் புறப்பாட்டின் விளிம்பிலேயே முடிந்துவிடுகின்றது. நாவுக்கரசரும் தொலைவை நாடிச் சென்றவரே. ஆனால் அவர் தேடியது அவர் பாடித்திரிந்த சோழநாட்டு மண்ணிலேயே காட்டப்படுகின்றது. கோழியும் அன்னமும் ஏறும் போலும் அன்றாடம் காணும் உயிர்களே அவருக்குக் கயிலையின் வாயிலாகின்றன. நெடும்பயணம் இனி இயலாத முதியோருக்கு யுலிசஸின் வீரத்தினும் ஐயாற்றுக் காட்சியே அணித்தானது.

இங்கே ஒரு தடை எழலாம். நாயனாருக்கு இறைவன் நேரே வந்து அருளினான். ஏனைய முதியோருக்கு அத்தகைய அற்புதம் நிகழ்வதில்லையே. ஆகவே இவ்வரலாறு அவர்களுக்கு யாங்ஙனம் பயன்படும் என்பது அத்தடை. நேர்மையான தடையே இது. இதற்கு விடை புராணத்தின் பின்பகுதியில் உள்ளது. சேக்கிழார் ஐயாற்றுக் காட்சியோடு வரலாற்றை முடித்துவிடவில்லை. நாயனார் திருப்பூந்துருத்தியில் மடம் அமைத்துத் தங்குகின்றார். பாண்டிநாட்டினின்று மீளும் ஞானசம்பந்தர் தம்மைக் காண வருகின்றார் என்றறிந்து, கூட்டத்தினுள் மறைந்து சென்று, அவர் ஊர்ந்த சிவிகையைத் தாமும் தாங்குகின்றார். அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினவும்போதே செய்தி வெளியாகின்றது. முதியவர் இளையவரைச் சுமக்கின்றார். அதைத் தமக்குக் கிடைத்த பேறாகக் கருதுகின்றார். இதில் அற்புதம் ஒன்றுமில்லை.

பின்னர்ப் புகலூரிலே உழவாரத்தோடு திருமுன்றிலைத் திருத்தும் பணியில் அமைகின்றார். அங்கே உழவாரம் படுமிடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றுகின்றன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே வாரி வாவியில் எறிகின்றார். அரம்பையர் வந்து ஆடியபோதும் உள்ளம் திரியவில்லை. சித்திரைச் சதயத்திலே இறைவன் திருவடியை எய்துகின்றார். பொன்னை அவர் எறிந்தமை பற்றின்மைக்குச் சான்றாக மட்டும் கொள்ளப்படுகின்றது. அதனினும் நுண்ணியதொரு கருத்தும் அங்குண்டு. புல்லையும் கல்லையும் அகற்றி அடியார் நடக்கும் நிலத்தைத் தூய்மை செய்வதே அவருடைய வேலை. பொன்னும் அவ்வேலைக்கு இடையூறான மற்றொரு கல்லேயாயிற்று. கயிலையைக் கேட்டவர் வாழ்வின் முடிவிலே கேட்டது ஒன்றுமில்லை; செய்தற்கு ஒரு பணி இருந்தது; சென்றடைய ஓர் அடைக்கலம் இருந்தது. இவ்வளவே அவர்தம் நம்பிக்கையின் இறுதி வடிவம். இதற்கு அற்புதம் வேண்டுவதில்லை.

இக்கால உளவியலாரின் கொள்கையோடும் இம்முடிவை ஒப்பிடலாம். எரிக் எரிக்சன் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தார். இறுதிப் பருவத்தில், வாழ்ந்த வாழ்வை முழுமையுடையதாக ஏற்றுக்கொள்ளலா அன்றி மனமுறிதலா என்பதே போராட்டம் என்பது அவர் துணிபு. நம்பிக்கையை அவர் குழந்தைப் பருவத்தில் தோன்றும் முதல் உளவலிமையாகக் கொண்டார். முதுமைக்கு உரியதாகக் கூறியது மெய்யறிவை. பின்னர் அவர் மனைவியார் ஜோன் எரிக்சன், 1997 இல் விரிவுபடுத்தி வெளியிடப்பட்ட நூலிலே ஒன்பதாம் பருவம் ஒன்றைச் சேர்த்தார். தள்ளாத முதுமையில் மனிதர் தம் உடலையே நம்பமுடியாத நிலையை எய்துதலால், குழந்தைப் பருவத்து முதற் போராட்டமே மீண்டும் வருகின்றது என்பது அவர் கண்டது. நடக்கப் பழகும் குழந்தை தாயின் கையை நம்புவதுபோல, நடை தளர்ந்தவரும் ஒரு கையை நம்பவேண்டியவராகின்றார். முறிந்து வழியிற் கிடந்த நாவுக்கரசரை அழைக்கும் குரல் எழுந்திரு என்று கூறுவதாகச் சேக்கிழார் பாடியதும் இக்கருத்துக்கு அயலானதன்று.

தொகுத்து நோக்குமிடத்து, பழந்தமிழ்ப் புலவர் முதியோர் நம்பிக்கையை ஆயுள் நீளும் என்னும் நம்பிக்கையாகக் கொள்ளவில்லை என்பது தெளிவு. ஆயுளின் எல்லையை மறைத்துப் பேசும் பாத்திரம் மேற்கூறியவருள் ஒருவரேனும் இல்லை. குறித்ததொரு முடிவை மட்டும் பற்றிய நம்பிக்கை அம்முடிவோடு மாய்ந்தது, தயரதனே சான்று. ஒழுக்கத்தையும் நட்பையும் பற்றிய நம்பிக்கை ஐயத்தின் நடுவேயும் நின்றது, கோப்பெருஞ்சோழனே சான்று. பிறர்க்கு ஆற்றவேண்டிய பணியைப் பற்றிய நம்பிக்கை இறுதிநாள் வரையும் தளராது நின்றது. சவரியும் நாவுக்கரசருமே சான்று. இம்மூன்றும் இல்லாதொழிந்த இடத்தில் எஞ்சுவது இருமலுக்கிடையே எழும் பழைய நினைவு மட்டுமே. அதையும் புறநானூறு மறைக்கவில்லை.

இவ்வாராய்ச்சி முதியோர்க்கு மட்டும் உரியதன்று; இந்நூல்களைப் பயிலும் மாணாக்கர்க்கும் உரியது. அவர்தம் இல்லங்களிலே பாட்டனாரும் பாட்டியாரும் திண்ணையிலோ கட்டிலிலோ நாள் கழிக்கின்றனர். நீர் நூறாண்டு வாழ்வீர் என்று அவர்களுக்குப் பொய் கூறுதலும், இனி என்ன இருக்கின்றது என்று அவர்களை ஒதுக்கிவிடுதலும் ஒருங்கே தவறாகும். செய்தற்குரிய சிறு பணியொன்றை அவர் கையினின்று பறியாதிருத்தல் வேண்டும். அவரிடம் கேட்டறிய வேண்டிய வழியைக் காலம் தாழ்த்தாது கேட்டல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருவார் என்று அவர் எதிர்பார்த்திருக்கும் வேளையில் சென்று அவர் அருகே அமர்தல் வேண்டும். சோழன் தனக்கருகே ஒழித்துவைத்த இடம் வெறிதே கிடவாதபடி பிசிராந்தையார் செய்தது அவ்வளவே.